கசியும் வீடுகள்

குளிர்நாட்டு வீடு ஒன்றில் செலவாகும் ஆற்றலில் பெரும்பங்கு, அங்குள்ளோர் விசையைத் தட்டிப் போடும் விளக்குகளிலோ தொலைக்காட்சியிலோ செலவாவதில்லை. குளிர்காலம் முழுவதும் உட்புறத்தைக் கதகதப்பாக வைத்திருக்கவே செலவாகிறது. கனடாவின் வீடுகள் பயன்படுத்தும் மொத்த ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு அறைகளைச் சூடேற்றுவதற்கே போகிறது. இவ்வளவு வெப்பத்தையும் உண்டாக்கி வீட்டுக்குள் விட்ட பிறகு, அது சுவர், கூரை, சன்னல், தரை ஆகியவற்றின் வழியாகவும், கண்ணுக்குப் புலப்படாத கீறல்கள் வழியாகவும் சில மணி நேரத்தில் வெளியேறிவிடுவதால், அதே அளவு வெப்பத்தை மறுபடியும் மறுபடியும் உண்டாக்க நேர்கிறது. ஆகவே ஒரு வீட்டின் குளிர்கால எரிபொருள் கணக்கு என்பது அந்த வீட்டிலிருந்து தப்பிச் செல்லும் வெப்பத்தின் கணக்கே ஆகும்.

புதிதாகக் கட்டும் வீடுகளுக்குக் கடுமையான விதிகளை வகுப்பதால் மட்டும் இந்தக் கணக்கு பெரிதாக மாறிவிடாது. வீடுகள் நெடுநாள் நிற்பவை. ஓர் ஆண்டில் புதிதாக எழும் வீடுகள் ஏற்கெனவே நிற்கும் வீடுகளில் மிகச் சிறு பங்கே. பிரிட்டனில் 2050ஆம் ஆண்டில் மக்கள் குடியிருக்கப்போகும் வீடுகளில் ஐந்தில் நான்கு இப்போதே கட்டப்பட்டுவிட்டவை என்பது அந்நாட்டுக் கட்டடத் துறையினர் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. எனவே கேள்வி பழைய வீட்டிடமே வந்து நிற்கிறது: எரிபொருள் மலிவாகக் கிடைத்த காலத்தில், வெப்பம் வெளியேறுவதைப் பற்றிக் கவலையே படாமல் கட்டப்பட்ட ஒரு வீட்டை இடிக்காமல், அதன் வெப்பத் தேவையைப் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைக்க முடியுமா? முடியும் என்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே செய்துகாட்டப்பட்டுவிட்டது. எந்த வரிசையில் செய்தால் முடியும், எந்த வரிசையில் செய்தால் வீடு கெடும் என்பதே இந்த அத்தியாயத்தின் பொருள்.

சுவர் வழியே வெப்பம் கடப்பதை முதலில் எடுத்துக்கொள்ளலாம். ஒரு சுவரின் ஒரு சதுர மீட்டர் பரப்பில், உள்ளும் புறமும் வெப்பநிலை ஒரு டிகிரி வேறுபடும்போது எத்தனை வாட் வெப்பம் கடக்கிறது என்பதைக் கட்டடப் பொறியாளர்கள் 'யு மதிப்பு' என்கிறார்கள். இந்த எண் சிறுத்தால் சுவர் நன்றாகக் காக்கிறது என்று பொருள். இங்கிலாந்தில் முதல் உலகப் போருக்கு முன் கட்டப்பட்ட, ஒன்பது அங்குலத் தடிப்புள்ள இடைவெளியற்ற செங்கல் சுவருக்கு இந்த மதிப்பு 2.1 என்று நெடுங்காலம் கொள்ளப்பட்டது. உண்மையான வீடுகளில் கருவி வைத்து அளந்தபோது சுவர்கள் அதைவிடச் சற்று நன்றாகக் காப்பது தெரியவந்ததால், அது 1.7 எனத் திருத்தப்பட்டது. அந்தச் சுவரின்மேல் ஐந்து சென்டிமீட்டர் தடிப்புக்குக் கனிமப் பஞ்சு, அதாவது பாறையை உருக்கி இழையாக்கிச் செய்யும் வெப்பக்காப்புப் பொருள், பொருத்தப்பட்டால் மதிப்பு ஏறத்தாழ 0.5 ஆக இறங்குகிறது. பத்து சென்டிமீட்டர் வைத்தால் 0.29, இருபது வைத்தால் 0.16. முதல் ஐந்து சென்டிமீட்டரே இழப்பில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது, அதற்கு மேல் கூட்டும் ஒவ்வொன்றும் குறைந்துகொண்டே போகும் பலனையே தருகிறது என்பது இந்த எண்களிலிருந்து தெளிவாகும். ஒரு சுவரில் இருபது சென்டிமீட்டர் போட்டுவிட்டு மற்றொரு சுவரை வெறுமையாக விடுவதைக் காட்டிலும், வீட்டைச் சுற்றி எங்கும் விடுபடாமல் பத்து சென்டிமீட்டர் போடுவது பன்மடங்கு மேல்.

விடுபடாமல் என்ற சொல்லுக்கு இங்கே முழு அழுத்தம் தர வேண்டும். காங்கிரீட் மாடமுகப்பின் தளம் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே நீளும் இடத்திலும், சன்னல் சட்டம் சுவரோடு சேரும் இடத்திலும், காப்பைச் சுற்றிக்கொண்டு வெப்பம் ஓடிப்போகக் குறுக்குவழி கிடைக்கிறது. இத்தகைய இடங்களுக்கு வெப்பப் பாலம் என்று பெயர். அங்கே உட்புறப் பரப்பு மற்ற இடங்களைவிடக் குளிர்ந்திருக்கும். அறையின் ஈரம் முதலில் அங்கேதான் படியும். பூஞ்சையும் அங்கேதான் முதலில் தோன்றும்.

ஆனால் பழைய வீடுகளில் வெப்பம் திருடுபோகும் பெரிய வழி பெரும்பாலும் சுவரின் தடிப்பில் இல்லை, காற்றில் இருக்கிறது. குளிர்காலத்தில் வீட்டின் உள்ளே இருக்கும் சூடான காற்று வெளிக்காற்றைவிட அடர்த்தி குறைந்தது. ஆகவே அது மேலெழுந்து, கூரையை ஒட்டிய கீறல்கள் வழியே வெளியேற முயல்கிறது, அந்த இழுப்பில் அடித்தளத்தை ஒட்டிய கீறல்கள் வழியே குளிர்காற்று உள்ளே நுழைகிறது. புகைபோக்கியில் புகை மேலேறுவதும் இதே காரணத்தால்தான் என்பதால் இதைப் புகைபோக்கி விளைவு என்பர். உள்ளே 21 டிகிரியும் வெளியே உறைநிலைக்குக் கீழே 34 டிகிரியும் இருக்கும் ஒரு கனடிய இரவில், நிலவறைத் தரைமுதல் மேற்கூரைவரை ஐந்து மீட்டர் உயரமுள்ள சிறு வீட்டில் இந்த அழுத்த வேறுபாடு ஏறத்தாழ 13 பாஸ்கல். காற்றே வீசாத அமைதியான இரவிலும் இந்த அழுத்தம் ஒரு கணமும் ஓயாமல் இயங்கிக்கொண்டே இருக்கிறது என்பதுதான் இதன் கொடுமை. கீறல் எவ்வளவு சிறியதாயினும், அதன் வழியே ஐந்து மாத காலம் சூடான காற்று இடைவிடாமல் வெளியே தள்ளப்படுகிறது.

இந்த உண்மை ஆய்வாளர்களுக்கே தாமதமாகத்தான் விளங்கியது. 1973ஆம் ஆண்டின் எண்ணெய்த் தடையை அடுத்துச் சில மாதங்களில் கச்சா எண்ணெயின் விலை ஏறத்தாழ நான்கு மடங்காக உயர்ந்தபோது, வீடுகளின் வெப்ப இழப்பை ஒழுங்காக அளந்து பார்த்தவர்கள் உலகில் மிகச் சிலரே. அவர்களுள் ஒரு குழு பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் சோகோலோவ் தலைமையில் இயங்கியது. நியூஜெர்சி மாநிலத்தில் ட்வின் ரிவர்ஸ் என்னும் புதிய குடியிருப்பில், ஒரே வரைபடத்தின்படி வரிசையாகக் கட்டப்பட்ட வீடுகளை அக்குழு ஆண்டுக்கணக்கில் கண்காணித்தது. அந்த வீடுகளின் மேல்மாடிக் கூரைத்தட்டுக்கும் சாய்கூரைக்கும் இடைப்பட்ட வெளியில், அதாவது கூரையடியில், வெப்பக்காப்பு போடப்பட்டிருந்தது. எனவே கணக்குப்படி கூரையடி ஏறக்குறைய வெளியளவுக்குக் குளிர்ந்திருக்க வேண்டும். வெப்பமானிகளோ அது கணக்கைவிட வெகுவாகச் சூடாக இருப்பதைக் காட்டின.

அக்குழுவைச் சேர்ந்த கௌதம் தத், யான் பேயா ஆகியோர் தேடியதில் விடை கிடைத்தது. அடுத்தடுத்த வீடுகளுக்குப் பொதுவான நடுச்சுவர், நடுவில் வெற்றிடமுள்ள காங்கிரீட் கட்டிகளால் கட்டப்பட்டிருந்தது. அந்த வெற்றிடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, கீழிருந்து கூரையடிவரை திறந்த குழாய்களாக நின்றன. அறைகளின் வெப்பம் அச்சுவருக்குள் புகுந்து, காப்புப் பஞ்சைத் தொடாமலேயே கூரையடிக்கு ஏறிக்கொண்டிருந்தது. சுவரும் கூரையும் சேரும் இடத்துக் கீறல்கள், குழாய்கள் கூரைத்தட்டைத் துளைத்துச் செல்லும் இடங்கள் ஆகியவையும் இவ்வாறே இருந்தன. வரைபடத்தில் இல்லாத, பாடநூல் கணக்கில் வராத இந்த வழிகளால் கூரையடி வழியான இழப்பு எதிர்பார்த்ததைவிடப் பல மடங்காகியிருந்தது. இவற்றை அடைத்து, காப்பை மேம்படுத்தி, சன்னல்களுக்கு உள்ளிருந்து மூடும் காப்புத் தடுப்புகளையும் அமைத்தபோது, ஒரு வீட்டின் சூடேற்றும் தேவை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்ததை அதே குழுவின் ஃபிராங்க் சிண்டன் 1978இல் வெளியிட்டார். கட்டி முடித்துச் சில ஆண்டுகளே ஆன வீட்டிலேயே இது நிகழ்ந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத கீறல்களை எப்படி அளப்பது? சுவீடனில் 1970களின் பிற்பகுதியில் சன்னலில் ஒரு விசிறியைப் பொருத்தி வீட்டின் கசிவை அளக்கும் முறை உருவானது. அதை அங்கிருந்து பிரின்ஸ்டனுக்கு வந்த ஓக்கே புளோம்ஸ்டர்பெரி கொண்டுவந்தார். பின்னர் சன்னலுக்குப் பதிலாக வாசற்கதவின் சட்டத்தில் விசிறியைப் பொருத்தும் வழக்கம் வந்ததால் அதற்குப் 'புளோயர் டோர்' என்றே பெயர் நிலைத்தது. வீட்டின் மற்றக் கதவுகளையும் சன்னல்களையும் சாத்திவிட்டு, வாசலில் இறுக்கிக் கட்டிய துணித்திரையில் பொருத்திய விசிறியால் உட்காற்றை வெளியே இறைப்பார்கள். உள்ளுக்கும் வெளிக்கும் 50 பாஸ்கல் வேறுபாடு வரும்வரை விசிறியின் வேகம் கூட்டப்படும். இது மணிக்கு முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட வேகத்தில் வீசும் காற்று வீட்டின் எல்லாப் பக்கங்களையும் ஒரே நேரத்தில் அழுத்துவதற்குச் சமம். அந்நிலையைத் தக்கவைக்க விசிறி எவ்வளவு காற்றை இறைக்க வேண்டியிருக்கிறதோ, அவ்வளவு காற்று கீறல்கள் வழியே உள்ளே வருகிறது. வீட்டின் மொத்தக் காற்றும் ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை மாறுகிறது என்ற எண்ணிக்கையாக அது சொல்லப்படுகிறது. விசிறி ஓடும்போது மின்செருகிகளின் ஓரத்திலும் தரைப்பட்டியின் அடியிலும் கையை வைத்தால் குளிர்காற்று பீய்ச்சி அடிப்பதை உணரலாம். வெப்பப் படக்கருவி இருந்தால் அது நுழையும் வழி சுவரில் கருநீலக் கோடாகவே தெரியும்.

இந்தச் சோதனையைப் பழைய வீட்டு மறுசீரமைப்பின் மையத்தில் வைத்தவர்கள் கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்து ஆய்வாளர்கள். அங்கே 1977இல் ரெஜைனா நகரில் ஒரு செயல்விளக்க வீடு கட்டப்பட்டது. தடித்த காப்பும், பாலித்தீன் தாளால் கவனமாக மூடப்பட்ட இணைப்புகளும், வெளியேறும் காற்றின் வெப்பத்தை உள்வரும் காற்றுக்கு மாற்றித் தரும் கருவியும் கொண்ட அந்த வீட்டுக்கு வழக்கமான சூடேற்றும் உலையே தேவைப்படவில்லை. அதில் பெருஞ்செலவில் பொருத்தப்பட்ட சூரிய வெப்பத் தொகுதி பராமரிப்புக்குக் கடினமாகிப் பின்னர் அகற்றப்பட்டது; காப்பும் காற்றுத் தடுப்பும் ஒரு தொந்தரவும் தராமல் தம் வேலையைச் செய்துகொண்டே இருந்தன. பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் வோல்ஃப்காங் ஃபைஸ்ட் முதல் 'பாசிவ்ஹவுஸ்' வீடுகளைக் கட்டியபோது அடிப்படைக் கொள்கை இதுவாகவே இருந்தது.

ரெஜைனா வீட்டு முயற்சியில் பங்கேற்ற ஹெரால்டு ஆர், ராப் டுமான்ட் ஆகிய இருவரும் 1982இல் சஸ்கட்டூன் நகரில் வேறொரு கேள்வியை எடுத்துக்கொண்டார்கள்: ஏற்கெனவே நிற்கும் ஒரு வீட்டையும் இவ்வாறு இறுக்க முடியுமா? அதற்கு அவர்கள் தேர்ந்தது 1968இல் கட்டப்பட்ட, எவ்விதச் சிறப்பும் இல்லாத ஓரடுக்கு பங்களா ஒன்றை. அதை வெளிப்புறமிருந்து முழுவதுமாகக் காற்றுப் புகாத தாளால் மூட வேண்டும் என்பது திட்டம். இடையூறாக நின்றது இறவாரம். சாய்கூரையின் மரச்சட்டங்கள் சுவரைத் தாண்டி வெளியே நீண்டு இறவாரத்தைத் தாங்குகின்றன. அவ்வாறு நீளும் ஒவ்வொரு சட்டமும் சுவரின் தாளும் கூரையின் தாளும் சேரும் கோட்டைக் கிழித்துக்கொண்டு நிற்கும். பல பத்து இடங்களில் தாளை வெட்டி ஒட்டி, ஒவ்வொன்றும் கசியாது என்று நம்புவதைக் காட்டிலும் நேரான ஒரு வழியை அவர்கள் தேர்ந்தார்கள்: இயந்திர ரம்பத்தால் இறவாரத்தைச் சுவரோடு ஒட்ட அறுத்துத் தள்ளினார்கள். நீட்டல்கள் போனபின் வீடு வெறும் பெட்டி வடிவாயிற்று. சுவரிலிருந்து கூரைக்கும் கூரையிலிருந்து மறுபக்கச் சுவருக்கும் பாலித்தீன் தாளை இடைமுறியாமல் கொண்டுசெல்ல முடிந்தது. அதன்மேல் புதிய மரச்சட்டகம் எழுப்பி, கண்ணாடி இழைப் பஞ்சைத் தடிப்பாக நிரப்பி, புதிய வெளிப்பூச்சும் கூரையும் போட்டார்கள். இறவாரம் தனியாகச் செய்யப்பட்டு வெளியிலிருந்து பொருத்தப்பட்டது. இனி அது மழைக்கும் வெயிலுக்கும் மட்டும் உரியது, வீட்டின் வெப்பத்தோடு அதற்குத் தொடர்பில்லை.

அளவுகள் இந்த வேலையின் மதிப்பைச் சொல்லும். வேலைக்கு முன் அந்த வீட்டின் காற்று 50 பாஸ்கலில் மணிக்கு 2.95 முறை மாறியது. பழைய வீடுகள் பலவற்றோடு ஒப்பிட்டால் அதுவே மோசமான எண் அன்று. வேலைக்குப் பின் அது 0.29 ஆயிற்று. புதிதாகக் கட்டும் பாசிவ்ஹவுஸ் வீட்டுக்கே உச்ச வரம்பு 0.6 என்பதையும், பழைய வீடுகளை மறுசீரமைப்பதற்கெனப் பாசிவ்ஹவுஸ் நிறுவனம் பின்னாளில் வகுத்த 'எனர்ஃபிட்' தரத்தில் அது 1.0 வரை தளர்த்தப்பட்டிருப்பதையும் நினைத்தால், 1982இல் ஒரு சாதாரண பங்களாவில் கிட்டிய இந்த எண் எவ்வளவு அரியது என்பது விளங்கும். வெளியே உறைநிலைக்குக் கீழே 34 டிகிரி இருக்கும்போது வீட்டைச் சூடாக வைத்திருக்கத் தேவைப்பட்ட திறன் 13.1 கிலோவாட்டிலிருந்து 5.45 கிலோவாட்டாக இறங்கியது. கடையில் கிடைக்கும் 1.5 கிலோவாட் மின்சூடேற்றிகள் நான்கு இருந்தால், கனடியச் சமவெளியின் மிகக் கடுமையான இரவிலும் முழு வீட்டையும் காத்துவிடலாம் என்பது இதன் பொருள்.

அந்தப் பாலித்தீன் தாள் பழைய சுவருக்கும் புதிய காப்புக்கும் நடுவே வைக்கப்பட்டது தற்செயலான முடிவு அன்று. 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 17 கிராம் நீராவியைத் தாங்கும்; உறைநிலைக்குக் கீழே 30 டிகிரியில் அதனால் அரை கிராமைக்கூடத் தாங்க இயலாது. சமைப்பதாலும் குளிப்பதாலும் மூச்சு விடுவதாலும் ஈரம் ஏறிய உட்காற்று சுவருக்குள் புகுந்து வெளிப்புறம் நோக்கிச் செல்லும்போது, பனிப்புள்ளி எனப்படும் வெப்பநிலையைத் தொட்டதும் தன் ஈரத்தை அங்கேயே இறக்கிவிடுகிறது. மரச்சட்டம் நனைகிறது, பின்னர் உளுக்கிறது. கட்டடப் பொறியாளர்கள் எடுத்துக்காட்டும் கணக்கு ஒன்று இங்கே பயனுள்ளது: நாலடிக்கு எட்டடி ஜிப்சம் பலகை ஒன்றின் வழியே ஒரு குளிர்காலம் முழுவதும் ஊடுருவும் நீராவி மூன்றில் ஒரு லிட்டர் அளவு என்றால், அதே பலகையில் ஓர் அங்குலச் சதுர ஓட்டை இருந்தால் அதன் வழியே காற்றோடு செல்லும் நீர் முப்பது லிட்டர் அளவு. ஓட்டையை அடைக்காமல் பஞ்சை மட்டும் திணித்தால் சுவர் முன்பைவிட விரைவில் கெடும் என்பதன் காரணம் இதுவே: காப்பு கூடக் கூடச் சுவரின் வெளிப்பகுதி குளிர்கிறது, ஈரமோ முன்போலவே வந்துகொண்டிருக்கிறது.

சஸ்காட்சுவான் ஆய்வாளர்கள் இதற்கு எளிய விதி ஒன்றைப் பின்பற்றினார்கள். மொத்தக் காப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தாளின் உட்புறத்தில் இருக்கலாகாது, மூன்றில் இரண்டு பங்கு வெளிப்புறத்தில் இருக்க வேண்டும். அப்போது தாள் எப்போதும் பனிப்புள்ளிக்கு மேற்பட்ட வெப்பத்திலேயே இருக்கும், அதன்மேல் நீர் படியாது. காலநிலை மாறினால் இந்த விதியின் திசையும் தலைகீழாகிறது. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ குளிரூட்டப்பட்ட அறை ஒன்றில் ஈரம் வெளியிலிருந்து உள்ளே வருவதால், சுவரின் உட்புறத்தில் ஒட்டப்படும் பிளாஸ்டிக் தாளின் பின்புறமே நனைந்து பூஞ்சை பிடிக்கும். குளிர்நாட்டுக் கையேட்டைப் பார்த்து வெப்பநாட்டில் வீடு திருத்துவது ஆபத்தான வேலை.

காற்றுப்புகா வீட்டில் மூச்சு முட்டாதா என்ற அச்சம் இயல்பானது, அதற்கு விடையும் உண்டு. கீறல்கள் தரும் காற்றோட்டம் நம்பத்தக்கதன்று. கடுங்குளிரில் தேவைக்கு மேல் வரும், மிதமான நாளில் தேவையான அளவும் வராது, வருவதும் பல வேளை நிலவறை மண்ணின் வழியாகவோ கூரையடித் தூசியின் வழியாகவோ வரும். ஆகவே வீட்டை இறுக்கியபின், சமையலறையிலும் குளியலறையிலும் இருந்து பழைய காற்றை உறிஞ்சி, படுக்கையறைகளுக்குப் புதிய காற்றை அனுப்பும் கருவி பொருத்தப்படுகிறது. வெளியேறும் காற்றும் உள்வரும் காற்றும் மெல்லிய தகடுகளின் இருபுறமாகக் கலவாமல் கடந்துபோகும்போது வெப்பம் மட்டும் தகட்டின் வழியே கைமாறுகிறது. நல்ல கருவிகள் வெளியேறும் வெப்பத்தில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் மீட்டுத் தருகின்றன. இதை விட்டுவிட்டு வீட்டை மட்டும் இறுக்குவது பாதி வேலை என்றுகூடச் சொல்ல முடியாது, அது தவறான வேலை. எரிவாயு உலையோ நீர் சூடேற்றியோ அறைக் காற்றை எடுத்து எரியும் பழைய வகையாக இருந்தால் தவறு உயிருக்கே கேடாகும். இறுக்கிய வீட்டில் சமையலறை விசிறி ஓடும்போது உண்டாகும் இழுப்பு, புகைபோக்கியில் மேலேற வேண்டிய கார்பன் மோனாக்சைடை வீட்டுக்குள் திருப்பிவிடக்கூடும்.

நல்ல நோக்கத்தோடு தொடங்கி மக்களுக்குத் துன்பம் தந்த திட்டங்களையும் இங்கே பேசியாக வேண்டும். கனடா அரசு 1977இல் தொடங்கிய வெப்பக்காப்பு மானியத் திட்டத்தின்போது, யூரியா ஃபார்மால்டிஹைடு நுரையைச் சுவர்களுக்குள் பீய்ச்சி நிரப்பும் முறை வேகமாகப் பரவியது. அதிலிருந்து கசிந்த ஃபார்மால்டிஹைடு வாயு உடல்நலத்தைக் கெடுக்கும் என்ற அச்சத்தால் 1980 டிசம்பரில் அந்த நுரை தடைசெய்யப்பட்டது. பிரிட்டனின் பிரெஸ்டன் நகரத்துப் பிஷ்விக் பகுதியில் 2013ஆம் ஆண்டு வாக்கில் நூற்றுக்கணக்கான வீடுகளுக்கு வெளிப்புறக் காப்பு பொருத்தப்பட்டபோது, சன்னல் ஓரங்களும் கூரை விளிம்புகளும் ஒழுங்காக மூடப்படாததால் மழைநீர் காப்புக்குப் பின்னால் புகுந்து, உட்சுவர்களில் ஈரமும் பூஞ்சையும் படர்ந்தன. அதிலிருந்து பாடம் கற்கப்படவில்லை என்பதை 2025 அக்டோபரில் அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் காட்டியது: அண்மைத் திட்டங்களில் வெளிப்புறக் காப்பு போடப்பட்ட வீடுகளில் 98 விழுக்காட்டில் திருத்தியே ஆகவேண்டிய பெருங்குறைகள் இருந்தன. இந்த எண் காப்பு என்னும் தொழில்நுட்பத்தின் தோல்வியைக் காட்டுவதாகக் கொள்ளலாகாது. எத்தனை வீடு முடிந்தது என்று எண்ணிப் பணம் கொடுத்து, எப்படி முடிந்தது என்று அளக்காமல் விட்ட ஆட்சிமுறையின் தோல்வி அது. அதன் விலையைக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் மானியத்தை நம்பிய ஏழைக் குடும்பங்கள்.

வீட்டில் வாழ்பவர்களும் கணக்கில் ஒரு பகுதியே. ட்வின் ரிவர்ஸில் ஒரே மாதிரியான வீடுகளுள் ஒன்று மற்றொன்றைப்போல் இருமடங்கு எரிவாயு செலவழித்தது. ஜெர்மனியில் 3,400 வீடுகளின் தரவுகளை ஆராய்ந்த மின்னா சுனிக்கா-பிளாங்க், ரே கால்வின் ஆகியோர், வீட்டின் தரச்சான்று கணக்கிடும் அளவைவிடக் குடும்பங்கள் சராசரியாக 30 விழுக்காடு குறைவாகவே எரிபொருள் செலவழிக்கின்றன என்று 2012இல் எழுதினார்கள். வீடு மோசமாக இருக்கும் அளவுக்கு இந்த வேறுபாடும் கூடியது. கசியும் வீட்டில் இருப்பவர்கள் எல்லா அறைகளையும் சூடேற்ற வசதியில்லாமல் ஓர் அறையில் ஒடுங்கி, கம்பளியைச் சுற்றிக்கொண்டு குளிரைப் பொறுத்துக்கொள்கிறார்கள். அத்தகைய வீட்டைத் திருத்தினால் ஏட்டுக் கணக்கு சொன்ன பணம் மிச்சமாகாமல் போகலாம். ஆனால் அக்குடும்பம் முதன்முறையாக எல்லா அறைகளிலும் வாழத் தொடங்கும். எரிபொருள் மிச்சத்தை மட்டும் தராசில் வைத்து இந்த வேலையை மதிப்பிடும் கொள்கை வகுப்பாளர்கள் இந்தப் பலனைக் காணத் தவறுகிறார்கள்.

செலவைக் குறைக்கும் முயற்சிகளுள் நெதர்லாந்தின் 'எனர்ஜிஸ்ப்ரோங்' குறிப்பிடத்தக்கது. வீட்டை அளந்து, காப்பும் சன்னலும் பொருத்திய முழுச்சுவர்த் துண்டுகளைத் தொழிற்சாலையிலேயே செய்து கொண்டுவந்து, குடியிருப்போர் வெளியேறாமலேயே ஒரு வாரத்துக்குள் பொருத்திவிடும் முறை அது. செயல்திறனுக்குக் கட்டுநரே உத்தரவாதம் அளிப்பதும், வாடகைக் குடியிருப்போர் முன்பு எரிபொருளுக்குக் கட்டிய தொகையே வேலைக்கான செலவை ஈடுசெய்வதும் அதன் சிறப்பு. ஒரே அச்சில் வார்த்த வரிசை வீடுகளுக்கு அது நன்கு பொருந்துகிறது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவில் இருக்கும் தனிவீடுகளுக்கு அவ்வளவாகப் பொருந்துவதில்லை.

தனிவீட்டு உரிமையாளர்க்குக் காலமே பெரிய துணை. சஸ்கட்டூன் முறையில் செலவின் கணிசமான பகுதி புதிய வெளிப்பூச்சுக்கும் கூரைக்கும் ஆனது. அவை எப்படியும் முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றப்பட வேண்டியவை. மாற்றும் அந்த ஆண்டில் காப்பையும் காற்றுத்தடுப்பையும் சேர்த்துச் செய்தால் கூடுதல் செலவு மட்டுமே கணக்கில் வரும், அந்த ஆண்டைத் தவறவிட்டால் அடுத்த வாய்ப்பு ஒரு தலைமுறை கழித்துத்தான். வெப்ப ஏற்றி, அதாவது வெளிக்காற்றின் வெப்பத்தை மின்சாரத்தால் உள்ளே இறைக்கும் கருவி, வாங்க எண்ணுவோரும் சுவரைத் திருத்திய பின்னரே அதன் அளவை முடிவுசெய்ய வேண்டும். 13 கிலோவாட் தேவைக்கு வாங்கிய கருவி ஐந்தரை கிலோவாட் வீட்டில் அடிக்கடி நின்று நின்று ஓடி, திறனும் ஆயுளும் குறையும்.

டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் வாங்கி வாழும் வீடுகளில் பல 1950களிலும் 1960களிலும் கட்டப்பட்ட பங்களாக்கள். அவற்றின் நிலவறையை வாடகைக்கு விடுவது வழக்கம். புகைபோக்கி விளைவால் குளிர்காற்று முதலில் நுழைவதோ அந்த நிலவறையில்தான். அடித்தளச் சுவரின்மேல் தரைச்சட்டங்கள் அமரும் விளிம்பையும், கூரைத்தட்டைக் குழாய்களும் கம்பிகளும் துளைக்கும் இடங்களையும் அடைப்பதற்கு ஆகும் செலவு ஒரு குளிர்கால எரிவாயுச் செலவைத் தாண்டுவது அரிது. கூரை விளிம்பில் ஆண்டுதோறும் பனிக்கட்டி வரம்புபோல் திரள்வது, கூரையடிக்கு வெப்பம் ஏறிக் கூரைமேல் கிடக்கும் பனியை உருக்குகிறது என்பதற்கும், உருகிய நீர் குளிர்ந்த இறவாரத்தை அடைந்ததும் மீண்டும் உறைகிறது என்பதற்கும் அடையாளம். கூரையடியில் மினுங்கும் சிறுசிறு துணுக்குகளாக வெர்மிகுலைட் என்னும் பழைய காப்புப் பொருள் கிடந்தால், அதில் கல்நார் கலந்திருக்கக்கூடும் என்பதால், சோதித்துப் பார்க்காமல் அதைக் கிளறக் கூடாது. இத்தகைய வீட்டை வைத்திருப்போர் ஒப்பந்தக்காரரிடம் வேலையைக் கொடுக்கும்போது, வேலைக்கு முன்பும் பின்பும் புளோயர் டோர் சோதனை செய்து இரு எண்களையும் எழுத்தில் தர வேண்டும், இரண்டாவது எண்ணைக் கண்ட பிறகே கடைசித் தவணை கொடுக்கப்படும் என்ற நிபந்தனையை ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.